ஒன்பது வாரத் திட்டமா, ஓட்டமும் நடையுமா? ஐப்பசி மாசத்துக்கு எது தாங்கும்

கோயமுத்தூர் மாரத்தான் சமீப வருஷங்களில் டிசம்பர் நடுவில்தான் நடக்கிறது. அதில் 5 கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்துவிட்டு ஒன்பது வாரம் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், அக்டோபர் நடுவில் வந்து நிற்பீர்கள். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கிற நேரம். மழை, தீபாவளி, கல்யாணம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் நிற்கும். ஓட்டம் பழக எந்த முறை நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் காலண்டரைத்தான்.

போட்டியில் இருக்கிற முறைகள் இரண்டு. முதலாவது எல்லாருடைய போனிலும் இருக்கிற 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) என்ற ஒன்பது வாரத் திட்டம். 1996-இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஓடியே பழகாத தன் அம்மாவை மனதில் வைத்து எழுதியது. வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் 5 நிமிஷம் விறுவிறு நடை, அப்புறம் 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிஷம். வாரம் ஏற ஏற ஓட்டம் நீளும், நடை சுருங்கும். ஒன்பதாவது வாரம் நடையே இல்லாமல் 30 நிமிஷம். பிரிட்டன் அரசு மருத்துவத் துறையான என்.ஹெச்.எஸ். இதைத் தன் பேரிலேயே செயலியாக வைத்திருக்கிறது.

இரண்டாவது, ஜெஃப் காலோவேயின் ஓட்டம்-நடை-ஓட்டம். அவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். 1974-இல் புளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வகுப்பில் புதியவர்களுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கப் போய், அதிலிருந்து வளர்ந்த முறை இது. இதில் நடை கடைசி வரை கூடவே வரும். முழு மாரத்தான் ஓடுகிறவர்கள்கூட நடுநடுவே நடப்பார்கள். ஒரே ஒரு கண்டிப்பு: களைத்த பிறகு நடப்பது கணக்கில் வராது. களைப்பு வருவதற்கு முன்பே, முதல் நிமிஷத்திலிருந்தே, 30 விநாடி ஓட்டம் 30 விநாடி நடை என்று ஆரம்பித்துவிட வேண்டும்.

பொதுவான சங்கதிகளைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். இரண்டுக்கும் பைசா செலவில்லை. இரண்டுக்கும் நல்ல ஷூ வேண்டும். இரண்டிலும் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் வேகம். சர்க்கரை, பி.பி., நெஞ்சுவலிச் சரித்திரம் உள்ளவர்கள் இரண்டுக்கும் முன்னால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

நான் பிடித்துக்கொண்டது காலோவேயை. என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரியின் அண்ணன், ஒன்பது வாரத்தைப் பிசகாமல் முடித்தவர். அவர் அபார்ட்மெண்ட்டில் ஜிம் இருக்கிறது, டிரெட்மில் இருக்கிறது, மழை பெய்தால் அவருக்கென்ன? “மாப்ள, அந்த இருவது நிமிசம் நிக்காம ஓடி முடிச்ச அன்னிக்கு இருந்த சந்தோசம் உங்க முறையில வராதுங்க” என்பார். அதை நான் மறுக்க மாட்டேன். அவர் சொல்வது ஐந்தாவது வாரத்தின் மூன்றாம் நாள். அதற்கு முந்தின பயிற்சி 8 நிமிஷம் ஓட்டம், 5 நிமிஷம் நடை, மறுபடி 8 நிமிஷம் ஓட்டம். அடுத்த தடவை எடுத்த எடுப்பில் நிற்காமல் 20 நிமிஷம். தாண்டியவர்களுக்கு அது திருவிழா. ஆறாவது வாரத்தில் மறுபடி நடை இடைவெளி வந்துவிடும் என்பதை யாராவது முன்கூட்டிச் சொன்னால் அந்த நாளின் பயம் பாதி குறையும்.

என் கேள்வி வேறு. நடுவில் பத்து நாள் விட்டுப்போனால் என்ன ஆகும்?

விட்டுப்போகும். ஐப்பசியில் நம் பக்கம் அது விதி. சென்னைக்காரர்கள் கல்யாணத்துக்கு ஒரு சாயங்காலம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வரலாம். இங்கே பங்காளி வீட்டுக் கல்யாணம் என்றால் முந்தின நாளே காங்கயத்திலோ தாராபுரத்திலோ இருக்க வேண்டும். சீர் முடிந்து படுக்கும்போது மணி ஒன்று. விடிகாலை முகூர்த்தம், அப்புறம் பந்தி, மத்தியானம் பஸ்ஸில் தூக்கம். அந்த வாரம் போச்சு. அடுத்த வாரம் தீபாவளி, வீட்டில் பலகாரம். அதற்கடுத்து மழை. நம் கோயமுத்தூருக்குப் பெரிய மழையே அக்டோபர், நவம்பரில்தான். ஒரு ராத்திரி பெய்தால் போதும், ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் மரத்து இலை முழுக்கக் கீழே ஒட்டிக் கிடக்கும். ஷூ வழுக்கும்.

இப்படி விட்டுத் திரும்பும்போது உடம்பில் நடக்கிற ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டத்துக்கு மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மெதுவாகத்தான் பழகும். அதனால் திரும்பி வந்த முதல் நாள் மூச்சு, “போலாம், போலாம்” என்று சொல்லும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக ஒரு வலி, மறுநாள் மாடிப்படி இறங்கும்போதுதான் பதில் சொல்லும்.

ஒன்பது வாரத் திட்டத்தில் இதற்கு வழி, விட்ட வாரத்தையோ அதற்கு முந்தின வாரத்தையோ திரும்பச் செய்வது. நல்ல வழிதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் முடிகிற தேதி தள்ளிப்போகும். டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போகாது. அப்போது மனசு என்ன செய்யும்? ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். பாதியில் விட்டவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலானவர்கள் நின்றது ஏதோ ஒரு கல்யாணத்துக்கு அடுத்த வாரம்தான். சோம்பேறித்தனத்தால் நின்றவர்கள் குறைவு.

காலோவே முறையில் திரும்புவது லேசு. 60 விநாடி ஓட்டம், 30 விநாடி நடை என்று போய்க்கொண்டிருந்தவர் திரும்பி வந்ததும் 30-க்கு 30 என்று இறக்கிக்கொள்வார். இன்னும் பயமாக இருந்தால் 15 விநாடி ஓட்டம், 30 விநாடி நடை. தூரம் அதே தூரம்தான். ரேஸ்கோர்ஸ் சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், இரண்டு சுற்று வந்தால் 5 ஆச்சு. அன்றைக்கும் இரண்டு சுற்றும் வந்தேன் என்ற கணக்கு உடையாமல் இருக்கும். அதில் ஓட்டத்தின் பங்கு மட்டும் குறைந்திருக்கும். இரண்டு வாரத்தில் பழைய விகிதத்துக்கு ஏறிவிடலாம், யாரும் உங்களை மூன்றாவது வாரத்துக்கு அனுப்பவில்லை.

கோபியில் மாமனார் வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் மண்பாதை, காலுக்கு இதமாக இருக்கும். ஆனால் சுற்றுக் கணக்கு கிடையாது, எங்கே திரும்புவது என்று நாம்தான் முடிவு பண்ண வேண்டும். விகிதம் மட்டும் கையில் இருந்தால் போதும், பாதை எதுவானாலும் ஓடலாம்.

இனிப் பாட்டு. இதிலும் நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

ஒன்பது வாரச் செயலிகளில், “இப்போது ஓடுங்கள்” என்று ஒரு குரல் பாட்டின் மேலேயே பேசும். விகிதம் வாராவாரம் மாறுவதால் பாட்டு வரிசையையும் வாராவாரம் மாற்ற வேண்டும். காலோவே முறையில் மாதக்கணக்கில் ஒரே விகிதம் என்பதால் ஒரு தடவை அடுக்கினால் போதும். இங்கே நான் கண்டுபிடித்த ஒரு குறுக்குவழி உண்டு. காலோவே சொன்னதில்லை, என் கைச்சரக்கு. எண்பது, தொண்ணூறுகளின் சினிமாப் பாட்டு எப்படிப் போகும்? முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, இரண்டாவது சரணம், பல்லவி. இடையிசை பெரும்பாலும் அரை நிமிஷத்தை ஒட்டி வரும், சரணம் அதைவிட நீளம். குரல் வரும்போது ஓடுங்கள், வாத்தியம் மட்டும் வரும்போது நடங்கள். கடிகாரம் வேண்டாம், செயலி வேண்டாம். 60-க்கு 30 என்ற விகிதம் தன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். சரணம் முடியப்போகிறது என்பது நமக்கு வருஷக்கணக்கில் மனப்பாடம் என்பதால், இன்னும் எவ்வளவு நேரம் என்று போனைப் பார்க்கவே வேண்டியதில்லை.

குறையும் உண்டு. சில பாட்டில் இடையிசைதான் உச்சம். வயலின் எல்லாம் சேர்ந்து தூக்குகிற இடத்தில் நடப்பது கொடுமை, கால் கேட்காது. அந்தப் பாட்டுகளை வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது வருகிற மூன்று நிமிஷப் பாட்டுகளில் இடையிசையே பாதி இல்லை, இந்த வித்தை அவற்றிடம் பலிக்காது. அவற்றுக்கு இன்டர்வெல் டைமர்தான்.

தாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் கோஸ்டாஸ் காரஜியோர்கிஸ் என்பவர் உடற்பயிற்சி இசையைப் பல வருஷம் ஆராய்ந்தவர். நிமிஷத்துக்கு 120 முதல் 140 தட்டு உள்ள இசை பெரும்பாலான பயிற்சிக்கு ஒத்துவரும் என்பது அவர் பக்கத்துக் கருத்து. மிதமான வேகத்தில் இசை அலுப்பை மறைக்கும், மூச்சு முட்டுகிற வேகத்தில் அதன் உதவி குறைந்துவிடும். புதியவர்களின் காலடி நிமிஷத்துக்கு 150, 160 என்று வருவது சகஜம், அதனால் 80 தட்டு உள்ள மெதுவான பாட்டை இரண்டாம் காலத்தில், அதாவது தட்டுக்கு இரண்டு அடியாக, எடுத்துக்கொண்டால் காலுக்குச் சரியாக உட்காரும். 15 விநாடி கை தட்டி எண்ணி நாலால் பெருக்கினால் தட்டுக் கணக்கு கிடைத்துவிடும். தப்பாங்குத்து மூன்று மூன்றாக உருளும் தாளம். மூன்றுக்கு ஒரு அடி வைக்க வேண்டும், மூன்றையும் பிடிக்கப் போனால் கால் பின்னிக்கொள்ளும்.

கொங்குப் பக்கத்துக் கோயில் மேளமான துடும்பின் பதிவு போட்டு ஓடலாமா என்று மச்சான் கேட்டார். நம்ம மண்ணுத் தாளம், ஆசை வருவது நியாயம். மெதுவாக ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகிற ஆட்டம் என்பதால் கூடவே காலும் ஏறிவிடும். புதியவர்களை அது முதல் கிலோமீட்டரிலேயே தின்றுவிடும். கடைசி 500 மீட்டருக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, கோயில் வாசலில் நின்று கேட்கும்போது நெஞ்சில் விழுகிற அந்த அடி, சின்ன இயர்போனில் டப்பா தட்டுகிற மாதிரிதான் வருகிறது. வள்ளி கும்மிப் பாட்டு இதைவிடத் தோது, ஆசிரியர் பாடி மற்றவர்கள் திருப்பிப் பாடும்போது அடி தன்னால் விழும். ஆனால் அதில் குரல் நிற்பதே இல்லை, நடைக்கு இடம் கிடைக்காது.

எந்தப் பாட்டானாலும் ஒரு காதில் மட்டும். விடிகாலையில் பால்காரர் வண்டி, முதல் டவுன் பஸ், நாய் மூன்றும் பின்னாலிருந்துதான் வரும். பாட்டை முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சரணம் வர வேண்டிய இடத்தில் நகைக்கடை விளம்பரம் வரும், அதுவும் பாடும், நீங்களும் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

நான் சொல்வதெல்லாம் 5 கிலோமீட்டர் வரைக்கும்தான். 10-க்கும் 21-க்கும் இதே விகிதம் தாங்குமா என்று என் கால் இன்னும் சொல்லவில்லை. நேரம் குறைக்க வேண்டும், ஆள் முந்த வேண்டும் என்பவர்களுக்கும் நான் ஆள் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் கட்டாயம் கிடைக்கும், வெளியூர் போக வேண்டியதில்லை, தேதி போட்ட திட்டம் இருந்தால்தான் எழுந்திருப்பேன் என்கிறவர்கள் ஒன்பது வாரத்தையே எடுங்கள். என் மச்சான் அந்த ரகம், அவருக்கு அது பொருந்தியது.

மாரத்தான் அன்றைக்கு ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நடைக்கு மாறுவதற்கு முன் கையைத் தூக்கிக் காட்டி, பாதையின் ஓரத்துக்கு ஒதுங்கிவிட வேண்டும். கூட்டத்தில் திடீரென்று நின்றால் பின்னால் வருகிறவர் முதுகில் மோதுவார். ரேஸ்கோர்ஸிலும் இதைப் பழகலாம், ஆனால் அங்கே நாலு பேர் கைகோத்த மாதிரி வரிசையாக நடந்து வருவார்கள், ஓரமே இருக்காது. கல்யாணப் பேச்சு பேசிக்கொண்டு வருகிறவர்களாக இருந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவது நல்லது.