23-ஆவது பாரில் ஒரு தப்பு: பியானோவிலேயே திருத்தவா, கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகவா?

டிஜிட்டல் பியானோவில் நான் பதிந்து வைத்திருந்த பின்னணி இசையோடு ரிஹர்சல். பாடகி சொன்னது சுருதி, இடையிசை என்று இரண்டே விஷயம். "அண்ணா, ஒன்றரைக் கட்டை எனக்கு எட்டல, ஒரு கட்டைக்கு இறக்கிடுங்க. அப்புறம் ரெண்டாவது இடையிசை சட்டுன்னு முடிஞ்சிடுது, இன்னொரு தடவை சுத்த விடுங்க." மூன்றாவதை அவர் கவனிக்கவில்லை, எனக்குத்தான் உறுத்தியது: 23-ஆவது பாரில் (தாளச் சுற்றில்) பாஸ், அதாவது அடியில் ஓடும் கனத்த ஸ்வரம், ஒரு கீ தள்ளி விழுந்திருந்தது. மூன்று திருத்தம், கையில் இரண்டு வழி. டிஜிட்டல் பியானோவின் உள்ளேயே இருக்கும், ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி டிராக்கில் பதிந்து திருத்தும் மல்டிடிராக் சீக்வென்சர் ஒன்று, கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் இன்னொன்று.

முதலில் உங்கள் பியானோவில் இருப்பது உண்மையிலேயே மல்டிடிராக்தானா என்று பாருங்கள். யமஹா பி-125 போன்றவற்றில் வலது கை, இடது கை என இரண்டே டிராக், ஒரே பாட்டு, சுமார் 11,000 நோட்டு. அதில் ஒரு டிராக்கில் மறுபடி பதிந்தால் பழையது போயே போய்விடும். அது பயிற்சிக்கு வைத்த வசதி, திருத்த வேலைக்கு அல்ல. இங்கே நான் பேசுவது 16 டிராக் உள்ளவற்றைப் பற்றி.

பாஸ் தப்பை எடுத்துக்கொள்வோம். இதில் பியானோவை அடிக்க ஆளில்லை. பஞ்ச்-இன் (பதிவு தொடங்கும் இடம்) 23, பஞ்ச்-அவுட் (நிற்கும் இடம்) 24 என்று வைத்து, இரண்டு பார் முன்னால் இருந்து ஓடவிட்டு, அந்த ஒரு பாரை மட்டும் வாசித்தால் முடிந்தது. விரல் வைத்ததும் சத்தம், தாமதம் என்ற பேச்சே இல்லை. கம்ப்யூட்டரில் இதையே செய்ய ஒயரை மாட்டி, டிரைவரைச் சரிபார்த்து, பிறகு இரட்டைச் சத்தம் ஏன் வருகிறது என்று தலையைச் சொறிய வேண்டும். (பியானோவில் 'லோக்கல் கண்ட்ரோல்' ஆஃப் செய்யாததுதான் காரணம். விரல் அடித்த நோட்டு ஒரு முறை, கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியது இன்னொரு முறை. இதற்காக நான் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.)

கட்டையை இறக்குவது இரண்டிலும் சுலபம் போலத் தெரியும். பியானோவின் டிரான்ஸ்போஸ் பட்டன் அந்த நேரத்துக்குக் காதில் மாற்றிக் கொடுக்கும், ஆனால் பதிந்திருக்கும் பாட்டு மாறாது. பாட்டையே மாற்ற எடிட் மெனுவுக்குள் போக வேண்டும். அங்கே 'எல்லா டிராக்கும்' என்று அவசரத்தில் அமுக்கினீர்களோ, வந்தது வினை. 10-ஆவது சேனல் டிரம்ஸ். மின் வாத்தியங்களுக்கான ஜெனரல் மிடி என்ற பொது ஒழுங்கில் அங்கே ஒவ்வொரு எண்ணும் ஒரு வாத்தியம்: 38 ஸ்னேர், 37 சைடு ஸ்டிக், 42 மூடிய ஹை-ஹாட், 41 ஃப்ளோர் டாம். அரைக் கட்டை இறக்கினால் எல்லா எண்ணும் ஒன்று குறைந்து, ஸ்னேர் இருந்த இடத்தில் 'டிக்', ஹை-ஹாட் இருந்த இடமெல்லாம் டாம் உருளும். கம்ப்யூட்டரிலும் இதே ஆபத்துதான். ஆனால் அங்கே ஒரு கன்ட்ரோல்-இசட் போதும். பியானோக்களில் அன்டூ பெரும்பாலும் ஒரு படி, அல்லது அதுவும் கிடையாது. அதனால் கை வைக்கும் முன் பாட்டை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

இடையிசையை நீட்டுவதில்தான் பியானோ மூச்சு வாங்குகிறது. எட்டு பாரை நகலெடுத்து நடுவில் செருகும் வசதி பல மாடல்களில் இல்லை. இருந்தாலும் கையகலத் திரையில் டிராக் டிராக்காகச் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் எல்லா டிராக்கையும் சேர்த்துப் பிடித்து, வெட்டி, ஒட்டலாம். ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: சஸ்டெயின் பெடல். பெடலை அமுக்கியது (64-ஆவது கண்ட்ரோலர், மதிப்பு 127) வெட்டிய துண்டுக்குள்ளும், விட்டது (மதிப்பு 0) வெளியிலும் இருந்தால், ஒட்டிய இடத்திலிருந்து ஸ்வரங்கள் ஒன்றின் மேல் ஒன்று தேங்கி, கோயில் மணி மண்டபத்துக்குள் நிற்பது போல இருக்கும். துண்டின் கடைசியில் கையால் ஒரு 0 போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

தாளத்தைச் சீராக்கும் குவான்டைஸ் இரண்டிலும் உண்டு. அடிக்கு மூன்றாக நடக்கும் திஸ்ர நடைப் பாட்டைப் பதினாறாம் நோட்டுக் கட்டத்தில் (அடிக்கு நான்கு) இழுத்தால் நடையே நொண்டும், டிரிப்லெட் கட்டம் (அடிக்கு மூன்று) வையுங்கள். மெட்ரோனோம் இல்லாமல் மனம்போன போக்கில் வாசித்துப் பதிந்திருந்தால் பியானோவின் குவான்டைஸைத் தொடவே வேண்டாம். அதன் பார் கோடும் உங்கள் வாசிப்பும் சந்தித்தே இருக்காது. கம்ப்யூட்டரில் மட்டும்தான் உங்கள் வாசிப்புக்கு ஏற்ப டெம்போவை வளைக்க முடியும்.

செலவைச் சொன்னால், ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் சும்மாவே வரும். காசை விடக் கடுப்பு வேறு: பியானோவில் உயிரோடு ஒலித்த ஸ்டிரிங்ஸ், கம்ப்யூட்டரில் திறந்ததும் பொம்மை வாத்தியம் மாதிரி கேட்கும். மிடி ஃபைலில் இருப்பது சத்தம் அல்ல, 'இந்தக் கீயை இவ்வளவு வேகத்தில் அமுக்கு' என்ற கட்டளை மட்டும். திருத்தத்தை அங்கே முடித்து, ஒலியைப் பியானோவிலிருந்தே எடுங்கள்.

கடைசியில் அன்றைக்கு நான் செய்தது: பாஸைப் பியானோவில் பஞ்ச் அடித்தேன். பிறகு பென்டிரைவில் ஏற்றி, கட்டையையும் இடையிசையையும் கம்ப்யூட்டரில் முடித்து, எல்லா டிராக்கும் ஒன்றாக அடங்கும் மிடி ஃபார்மேட் 0-வில் சேமித்துத் திரும்பப் பியானோவில் போட்டேன். டிராக்குகளைத் தனித்தனியாக வைக்கும் ஃபார்மேட் 1-ஐப் படிக்காத பியானோக்கள் உண்டு. முதல் பாரையும் காலியாக விட்டிருந்தேன். வாத்தியத் தேர்வு, வால்யூம் கட்டளைகள் எல்லாம் அங்கேதான் உட்காரும். முதல் நோட்டோடு அவை முட்டிக்கொண்டால், புல்லாங்குழலில் தொடங்க வேண்டிய பாட்டு ஒரு கணம் பியானோவில் தொடங்கும்.