எங்கள் ராணிக்கு ஒரு ராஜா: தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வாங்கிய அனுபவம்

தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு கடையில் ஜோடி நூற்றைம்பது ரூபாய் என்றதும் எடுத்துவிடாதீர்கள். நாங்கள் எடுத்தோம். அன்று மதியமே வருத்தப்பட்டோம். அதற்குப் பிறகுதான் நல்ல பொம்மை எது என்று தெரிந்துகொண்டோம்.

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி. வீட்டில் பாட்டி காலத்து ராஜா ராணி ஜோடி ஒன்று இருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது கூடத்து ஓடெல்லாம் பறந்து, பரண் மேலிருந்த கொலுப்பெட்டி மழையில் ஊறிவிட்டது. ராணி பெட்டியின் அடியில் துணிக்குள் இருந்ததால் தப்பித்தாள். ராஜா நொதித்த தோசை மாவு மாதிரி உப்பி, கையில் எடுத்ததும் பிய்ந்து வந்தார். தாள் தாளாக உரிந்தது. அடியில் மட்டும் களிமண் கட்டி, பாதி தேங்காய் அளவுக்கு. அப்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்பதையே பார்த்தேன். அதிலிருந்து ஒவ்வொரு நவராத்திரிக்கும் அம்மா ராணியை மட்டும் தனியாகப் படியில் வைப்பார். பக்கத்தில் ஒரு பொம்மைக்கு உரிய இடத்தை விட்டே வைப்பார்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை தோழியின் காரில் கிளம்பினோம். இரண்டு நாள், எழுபது கிலோமீட்டருக்குள்தான் தூரம். ராணியை என் பழைய பருத்திப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மன்னார்குடியில் ஒரு காபி. வடுவூர் ஏரிக்கரையில் அரை மணி நேரம், நத்தைகுத்தி நாரைகளைப் பார்த்துக்கொண்டு. சம்பா அறுவடை முடிகிற நேரம் என்பதால் வழியெல்லாம் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டைகள் தார்ப்பாய்க்குள் அடுக்கியிருந்தன. தோழி நெல்லின் மேல் சக்கரம் ஏறாமல் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டியதில் தஞ்சாவூர் சேரப் பத்து மணி ஆகிவிட்டது.

கடை கடையாக ஏறி இறங்கினோம். ராஜா மட்டும் தனியாக யாரும் தருவதாக இல்லை. "ஜோடியாத்தாங்க வரும், பிரிச்சா இன்னொண்ண என்ன பண்றது?" என்று ஒரு கடைக்காரர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சரி, ஜோடியாகவே வாங்கிவிடலாம் என்று ஓர் இடத்தில் நூற்றைம்பது கொடுத்து வாங்கினோம். லாட்ஜுக்கு வந்து மேசையில் வைத்து ராஜாவின் தலையைத் தட்டினேன். இரண்டு ஆட்டம் ஆடி, வலது பக்கம் சாய்ந்தபடியே நின்றுவிட்டார். தோழி ஈர விரலால் தொட்டதும் தலைப்பாகைச் சிவப்பு விரலில் ஒட்டிக்கொண்டது. அச்சில் ஊற்றி எடுத்த மாவுப் பொம்மை அது. கனம் உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. கனம் அடியில் மட்டும் இருந்தால்தானே எழுந்து நிற்கும்?

மதியம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது ஆட்டோக்காரர் ஒருவரிடம் விசாரித்தோம். "பொம்மை விக்கிற கடை வேணுமா, பொம்மை செய்யிற வீடு வேணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே அவருக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்திருக்கலாம்.

சின்ன ஓட்டு வீடு. பெயர்ப்பலகை இல்லை. முற்றத்து வெயிலில் நிறம் பூசாத வெள்ளைப் பொம்மைகள் ஐம்பது அறுபது வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பெரியவரும் அவர் மனைவியும்தான் வேலை செய்கிறார்கள். நான் புடவையைப் பிரித்து ராணியை எடுத்து வைத்ததும் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஆள்காட்டி விரலால் ராணியின் தலையைத் தரைவரைக்கும் அழுத்தி, விட்டார். அது எழுந்து, போய், வந்து, போய், வந்து, கடைசியில் அவரைப் பார்த்தபடி நேராக நின்றது. "அடி கெட்டியா இருக்கும்மா. இது தாள்ல செஞ்சது. இப்பவும் நாங்க அப்படித்தான் செய்யறோம்" என்றார்.

அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன். பொம்மைக்கு முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சு. பழைய தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, மரவள்ளிக் கிழங்கு மாவுப் பசை தடவி, அச்சுக்குள் அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கிறார்கள். காய்ந்ததும் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். அடிப்பாகம் கிண்ணம் மாதிரி உருண்டை. அதில் களிமண். மேலே முழுக்கக் கூடு. களிமண் ஈரமாக இருக்கும்போதே பொம்மையை நிறுத்திப் பார்த்து, எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு சுண்டைக்காய் அளவு மண்ணை அப்பி நேர் செய்கிறார். காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாதாம். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடித்து, வண்ணம். நாங்கள் லாட்ஜில் விட்டுவந்த ராஜாவுக்கு எது குறை என்று எனக்கு அப்போது புரிந்தது.

"ராஜாவ மட்டும் தனியா தருவீங்களா ஐயா?" என்று கேட்டேன். வரிசையில் தேடி, ராணியைவிட ஒரு விரல்கடை உயரமாக ஒன்றை எடுத்தார். நாளை மத்தியானம் வரச் சொன்னார். விலை முந்நூறு. நான் பேரம் பேசவில்லை.

மாலையில் பெரிய கோயில். அதைப் பற்றி எழுத எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், நான் ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த கோயில். அதன் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேரின் பெயரும் அவரவர் வீடு இருந்த இடமும் வெட்டப்பட்டிருக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். காலையில் அத்தனை நெல்லை ஒதுங்கி ஒதுங்கிக் கடந்து வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி மனதில் இறங்கியது. தோழி ஆட்டக்காரி பொம்மை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தது அங்கே புல்தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

ஞாயிறு மத்தியானம் போனபோது ராஜாவுக்கு முகம் மட்டும் பாக்கி. ராணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அம்மா வண்ணம் கலந்திருந்தார். எங்கள் ராணியின் பச்சை இப்போது கடையில் விற்கிற பச்சை இல்லை, மங்கிப் பாசி நிறத்துக்கு வந்துவிட்டது. புதுப் பச்சையில் கொஞ்சம் மஞ்சளும் ஒரு துளி கறுப்பும் விட்டு அந்த மங்கலையே கொண்டுவந்துவிட்டார். "கண்ணு வைக்கிறப்ப பேச்சுக் கொடுக்காதீங்க" என்றார். நாங்கள் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. மெல்லிய தூரிகையால் இரண்டு இழுப்பு, நடுவில் ஒரு புள்ளி. அப்புறம் மீசை. அந்த நிமிடம்வரை பொம்மையாக இருந்தவர், மீசை முடிந்ததும் எங்கள் பழைய ராஜாவாகவே என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தோழி வாங்கிய ஆட்டக்காரி எழுநூறு ரூபாய். இரண்டுக்கும் தலையாட்டி பொம்மை என்றே பெயர் சொல்கிறார்கள், ஆனால் வேலைப்பாடு வேறு. ராஜா ராணி ஒரே உருவம், தள்ளினால் எழும். ஆட்டக்காரி தனித்தனித் துண்டுகள். காலும் பீடமும் ஒன்று, பாவாடை ஒன்று, கையோடு உடம்பு ஒன்று, தலை ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று கம்பியில் தொங்குகிறது. லேசாகத் தொட்டால் தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஆடும். வாங்கும்போது தலையைத் தூக்கி உள்ளே பாருங்கள். கம்பி உட்காரும் இடம் கிழிசல் இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைகள் கை படுகிற வீட்டுக்கு ராஜா ராணிதான் நல்லது.

குறை என்றால் கட்டிக்கொடுப்பதுதான். ஒரே ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். அட்டைப்பெட்டி கிடையாது. தாள் பொம்மைக்கு மூக்கும் கிரீட நுனியும்தான் முதலில் போகும். வடுவூர் தாண்டி ஒரு வயலில் வைக்கோல் கட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். தோழி காரை நிறுத்தி, "அண்ணே, ரெண்டு கை வைக்கோல் எடுத்துக்கவா?" என்று கேட்டு அள்ளி வந்தாள். பொம்மைக்கு என்றதும் அவரே உதறி, தூசி போக்கிக் கொடுத்தார். முறுக்கு வாங்கிய பெட்டியில் வைக்கோல் பரப்பி மூன்று பேரையும் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். நீங்கள் போனால் ஒரு பெட்டியும் பழைய துணியும் கையோடு கொண்டுபோங்கள். இன்னொன்று, ஈரம் ஆகவே ஆகாது. துடைப்பதானால் காய்ந்த துணிதான்.

தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு 2008-09-இலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் வெயிலும் இரண்டு பேர் கையும் வைத்துச் செய்கிற பொம்மைக்கு முந்நூறு ரூபாய்தான் கேட்கிறார்கள். அதையும் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், தயவுசெய்து.

வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வண்ணம் அப்படியே இருக்கிறது. தினமும் ஒரு தடவையாவது அம்மா இரண்டு பேர் தலையையும் ஒன்றாக அழுத்தி விடுகிறார். ராணி முதலில் நின்றுவிடுகிறாள். ராஜா இன்னும் நாலைந்து ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நிற்கிறார், புது மண் இல்லையா. முட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டிருக்கிறார் அம்மா.

கொலுவுக்கு வேண்டும் என்றால் ஆடியிலேயே சொல்லிவிட வேண்டுமாம். மழை பிடித்துக்கொண்டால் தாள் காயாது என்றார் பெரியவர். தோழி ஒரு செட்டியார் ஜோடிக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவைத்திருக்கிறாள்.