ரப்லெட்டை வேகமாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

கிளிநொச்சியில் ஒரு கைபேசித் திருத்தக் கடை என் அக்காவை ஏமாற்றிவிட்டது. வன்னியில் பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன்பட்டு ரப்லெட் வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விசுவமடுவில் இருக்கும் என் மருமகள் உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய சாம்சுங் கேலக்ஸி ரப் ஏ7 மெதுவாகிவிட்டதென்று அக்கா கொண்டுபோய்க் கொடுத்தார். "கேர்னலை மாற்றினால் பறக்கும் அக்கா, பிள்ளையின் குறிப்புகளுக்கு ஒன்றும் ஆகாது" என்று கடைக்காரர் உறுதியளித்தார். கேர்னல் என்பது ரப்லெட்டின் இயங்குதளத்தின் மையப் பகுதி. அவர் சொன்னது பச்சைப் பொய். வேறு கேர்னல் போடுவதற்கு, ரப்லெட் எழும்பும்போது முதலில் ஓடும் பூட்லோடர் என்ற மென்பொருளின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் உள் நினைவகத்தில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். இந்த வேலை செய்கிற எவருக்கும் அது தெரியும். உயிரியல் படங்களும் ரியூசன் வகுப்பு ஒலிப்பதிவுகளும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

திரும்பி வந்த ரப்லெட்டில் வைஃபை பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் மங்கிவிட்டுத் தானாகவே அணைந்தது. பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு. அமைப்புகளில் கேர்னல் பதிப்பு என்ற வரியைப் பார்த்தேன். அதில் டி505 என்று இருந்தது. பிள்ளையின் ரப்லெட்டோ டி500. முதலாவது சிம் போடும் வகை, இரண்டாவது வைஃபை மட்டும் உள்ளது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைக்கூட வாசிக்காமல் காசு வாங்கியிருக்கிறார்கள்!

சிப், திரை, வைஃபை, மின்கலம் எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுவது கேர்னல்தான். செயலியைப் போல எதையும் எதிலும் போட முடியாது. கூகுளின் நெக்ஸஸ் 7 என்ற ஒரே பெயரில் 2012இல் வந்ததில் டெக்ரா 3 சிப், 2013இல் வந்ததில் ஸ்னாப்டிராகன் எஸ்4 ப்ரோ. ஒன்றின் கேர்னலை மற்றதில் போட்டால் அது எழும்பவே எழும்பாது. மாதிரி எண் பொருந்தினாலும் ஆன்ட்ரொயிட் பதிப்பும் பொருந்த வேண்டும். சிப்பின் வேகத்தை அளவுக்கு மேல் கூட்டிய கேர்னல்களும் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே, நம் வெயிலில், அவை மின்கலத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்று, இப்படி வேறு கேர்னல் போட்டால் சாம்சுங் சாதனங்களில் நொக்ஸ் என்ற பாதுகாப்பு அடையாளம் மாறிவிடும்; ஒருமுறை மாறினால் மாறியதுதான். பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் அது மீளாது. அக்காவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வவுனியாவில் கணினி படிக்கும் உறவுப் பையன் நிறுவனத்தின் மென்பொருளைத் திரும்பப் போட்டு வைஃபையை மீட்டுத் தந்தான். கடைக்காரரிடம் கேட்டபோது, "நீங்கள் பாவித்த விதம் பிழை" என்றார். இதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கேர்னல் மாற்றத்தான் வேண்டுமென்றால், உங்கள் மாதிரி எண்ணுக்கென்றே செய்ததையும், மூலநிரலை, அதாவது அதை எழுதிய நிரல் வரிகளை, வெளியிட்டிருப்பதையும் மட்டும் தெரிவு செய்யுங்கள். ஆன்ட்ரொயிட்டில் இருப்பது லினக்ஸ் கேர்னல்; அது ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருவது. மாற்றி வெளியிடுபவர் மூலநிரலைத் தரக் கடமைப்பட்டவர். கேர்னல் அடங்கியிருக்கும் பழைய பூட் கோப்பின் பிரதி கையில் இல்லாமல் யாரையும் தொடவிடாதீர்கள். மெதுவாக இருப்பதற்கு நினைவகம் நிரம்பியிருப்பதே பல வேளைகளில் காரணம்; அதை முதலில் பாருங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முறையிட இருக்கிறோம். எங்கள் பற்றுச்சீட்டில் "மென்பொருள் வேலை" என்று மட்டுமே இருக்கிறது. நீங்கள் கொடுக்கும்போது மாதிரி எண்ணையும் போடப்போகும் கேர்னலின் பெயரையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் ரப்லெட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.