பூட்டாத கதவா, வராந்தாவா, சாலையோரப் பெட்டியா? கொடைக்கானல் வீடுகளுக்குப் பார்சல் வரும் வழிகள்

"கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு தம்பி, உள்ள வச்சிட்டுப் போயிருங்க." நாயுடுபுரத்திலிருந்து வில்பட்டி, பள்ளங்கி வரைக்கும் பார்சல் கொண்டுபோகிற பையன்கள் போனில் அடிக்கடி கேட்கும் பதில் இது. இப்படிச் சொல்ல மலையில் நியாயமான காரணம் உண்டு. வத்தலக்குண்டுப் பக்கமிருந்தோ பழனிப் பக்கமிருந்தோ வண்டி எப்போது மேலே வந்து சேரும் என்பது மழையையும் மண்சரிவையும் விடுமுறைக் கூட்டத்தையும் பொறுத்தது. அந்த நேரத்தில் வீட்டுக்காரர் தோட்டத்தில் இருப்பார். வீடு சாலைக்குக் கீழே நாற்பது ஐம்பது படி இறங்கி இருக்கும். இவ்வளவு தூரம் இறங்கி வந்தவரை நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வராது.

பூட்டாத கதவு என்றதும் பேச்சு திருட்டுப் பக்கம் போய்விடுகிறது. அதைவிட முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. வீட்டின் உள்பகுதி முன்பின் தெரியாத ஒருவர் கண்ணிலும் அவர் கைபேசியிலும் பதிகிறது. அடுத்த வாரம் ஒரு கைக்கடிகாரம் காணவில்லை என்றால், 'அன்னிக்கு ஒருத்தன் வந்தானே' என்று பழி அவர் தலையில் விழுகிறது. ஆகவே எந்த வழியையும் நிறுத்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும்: கொண்டுவருபவர் எவ்வளவு தூரம் உள்ளே வர வேண்டியிருக்கிறது? ஏதாவது நடந்தால் தான் உள்ளே போகவில்லை என்று அவரால் காட்ட முடியுமா?

எங்கள் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறோம். வராந்தா உள்ள வீட்டுக்கு வராந்தாதான் சிறந்தது. வராந்தா இல்லாத வீட்டுக்கும் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் சாலையோரப் பெட்டி. கைபேசிவழி எண் அனுப்பித் திறக்கவிடும் ஸ்மார்ட் பூட்டு கடைசி. பூட்டாத கதவு அவசரத்துக்கு மட்டும்.

பூட்டாத கதவு

செலவு இல்லை, மழையில் பார்சல் நனையாது, குரங்கு தொடாது. இதன் நன்மை இவ்வளவுதான்.

சிக்கல் படத்தில் தொடங்குகிறது. பார்சலை ஒப்படைத்ததற்குச் சான்றாகப் படம் எடுத்து ஏற்றும்படி பல நிறுவனங்களின் செயலி கேட்கிறது. ஹாலில் வைத்தால் அந்தப் படத்தில் ஹாலும் வரும்: டிவி, அலமாரி, மாட்டியிருக்கும் சாவிக்கொத்து, மருந்து டப்பா, சில வேளை தூங்கும் குழந்தை. அந்தப் படம் எத்தனை நாள் எந்தச் சர்வரில் கிடக்கும் என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது, எடுத்த பையனுக்கும் தெரியாது.

சட்டம் இதில் பையனுக்குச் சாதகமாகவே நிற்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவின்படி, குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை தரவோ எண்ணம் இருந்தால்தான் அத்துமீறல் குற்றமாகும். பார்சல் வைக்க வந்தவருக்கு அந்த எண்ணம் கிடையாது. ஆனால் 'உள்ளே வைக்கச் சொன்னார்கள்' என்பதற்கு அவர் கையில் என்ன இருக்கிறது? போனில் வாயால் சொன்னதுதான், அதற்குப் பதிவு இல்லை. அதனால் இந்த வழியைத்தான் நம்பியாக வேண்டும் என்றால், சொல்வதை எழுத்தில் அனுப்புங்கள்: "வாசலுக்குள் ஸ்டூல் மேல் வைக்கவும். உள்ளே வர வேண்டாம்." அந்த ஒரு வரி அவருக்குக் கவசம். ஸ்டூல் நிலைப்படியிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில், 40 செ.மீ.க்குள் இருக்கட்டும். அப்போது அவர் சேறு படிந்த ஷூவைக் கழற்ற வேண்டியதில்லை. மழைநாளில் ஷூவைக் கழற்றி மாட்டும் இரண்டு நிமிஷம், பார்சல் கணக்கில் கூலி வாங்குபவருக்குப் பணம். ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு கனத்த திரை தொங்கினால் ஹாலும் படத்தில் விழாது.

வராந்தா

கொடைக்கானலின் பழைய கல் வீடுகளிலும் அதைப் பார்த்துக் கட்டிய பிந்தைய வீடுகளிலும் முன்னால் கண்ணாடி போட்ட வராந்தா இருக்கும். குளிரைத் தடுக்கத்தான் அதைக் கட்டினார்கள். பார்சலுக்கும் அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வெளிக்கதவைப் பூட்டாமல் விட்டு, உள்கதவைப் பூட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. வந்தவர் கூரைக்குக் கீழே வருகிறார், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. உள்கதவு பூட்டியிருந்தது என்பதே அவருக்கு எந்தப் பழியிலிருந்தும் விடுதலை.

இது பல வீடுகளில் கெட்டுப்போவது உள்கதவால். வெளிக்கதவுக்கு நல்ல பூட்டு, உள்கதவுக்கு வெறும் தாழ்ப்பாள் என்றுதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். அதை மாற்ற வேண்டும். உள்கதவில் நைட் லாட்ச் போடுங்கள். இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் என்பதால் தோட்டத்துக்கு ஓடும் அவசரத்திலும் மறக்காது. ஆனால் சாவியை உள்ளே விட்டுவிட்டால் நீங்களும் வெளியேதான். ஒரு மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைப்பது உலகமே அறிந்த இடம்.

அடுத்தது கண்ணாடி. உள்கதவிலும் ஹால் ஜன்னலிலும் இருக்கும் கண்ணாடி வழியே வராந்தாவில் நிற்பவருக்கு எல்லாம் தெரியும். கடையில் கேட்டால் கண்ணாடி மாதிரி மின்னும் ஒருவழி ஃபிலிமைக் காட்டுவார்கள். வாங்காதீர்கள். வெளிச்சம் அதிகமாக உள்ள பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அது மறைக்கும். மாலை ஆறு மணிக்கு உள்ளே விளக்குப் போட்டதும் தலைகீழாகி, வெளியே நிற்பவருக்கு வீடு முழுக்கத் தெரியும், உங்களுக்கு உங்கள் முகம்தான் தெரியும். மூடுபனி இறங்கும் மத்தியானத்தில்கூட இதே கதை. பால்போல மங்கலான ஃப்ராஸ்டெட் ஃபிலிம்தான் இரண்டு நேரமும் மறைக்கும். தரையிலிருந்து 170 செ.மீ. உயரம் வரை ஒட்டினால் போதும், மேல்பகுதி வழியாக வெளிச்சம் வரும். ஒட்டும்போது சோப்புத் தண்ணீர் தெளித்து நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துத் தள்ளுங்கள். ஈரக் காற்று உள்ள நாளில் ஒட்டினால் காய நாளாகும், ஓரம் உரியும். வெயில் அடிக்கிற காலையில் ஒட்டுங்கள்.

வராந்தாவில் நாமே விட்டுவைப்பவையும் நிறையச் சொல்லிவிடும். கரண்ட் பில், ஆஸ்பத்திரிக் கவர், பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை எல்லாம் அங்கே கிடந்தால், கதவைப் பூட்டியும் பாதி பயன்தான். கேமரா வைப்பதானால் கோணம் உங்கள் வராந்தாவோடு நிற்கட்டும். மலைச்சரிவில் மேல்வீட்டுக் கேமரா கீழ்வீட்டு முற்றத்தை அப்படியே அள்ளிக்கொள்ளும். அந்தப் பகுதியை மறைக்க 'பிரைவசி மாஸ்க்' என்ற வசதி பல கேமராக்களில் இருக்கிறது. ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். தனிப்பட்ட, குடும்பத் தேவைக்கு ஒருவர் வைத்திருக்கும் தகவலுக்கு 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஹோம்ஸ்டே நடத்துபவர் அந்த விலக்கை நம்பக் கூடாது, அது தொழில்.

சாலையோரப் பெட்டி

வீடு படிகளுக்குக் கீழே இருந்தால், நாய் இருந்தால், சாயங்காலம் காட்டுமாடு தோட்டத்தில் மேயும் பகுதியாக இருந்தால் பெட்டிதான் சரி. கொண்டுவருபவர் வளாகத்துக்குள்ளேயே வர வேண்டியதில்லை. இருட்டும் நேரத்தில் ஒருவரைக் காட்டுமாட்டுக்கு எதிரே நடக்கவிடுவது சரியல்ல, இதற்காகவே பெட்டி வைக்கலாம்.

உள்ளளவு 45 செ.மீ. அகலம், 35 செ.மீ. ஆழம், 40 செ.மீ. உயரம் இருந்தால் துணி, புத்தகம், மருந்து, மிக்ஸி ஜார் வரை அடங்கும். தகடு 1.2 மி.மீ. ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. அதைவிட மெலிந்ததைக் குரங்கு மூலையில் பிடித்து நிமிர்த்திவிடும். மூடி முன்பக்கம் சரிந்து, சுவர்ப்பக்கம் தவிர மூன்று பக்கமும் 3 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நேராக விழாது, காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும். அடியில் 6 மி.மீ. துளை நான்கு போட்டு, அதற்கு மேல் 2 செ.மீ. உயரத்தில் மரச்சட்டம் பரப்புங்கள். துளை போடாத பெட்டியில் வெளிமழை உள்ளே வராவிட்டாலும், இரவுக் குளிரில் மூடியின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டி அட்டைப்பெட்டி ஊறிவிடும். சுவரில் நான்கு 10 மி.மீ. ஆங்கர் போல்ட், நட்டு உள்பக்கம் இருக்கட்டும்.

பூட்டில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். சாவியையோ எண்ணையோ பையனிடம் கொடுத்தால், அது அடுத்த பையனுக்கும் போகும். மூன்று இலக்கப் பூட்டில் 1,000 சேர்க்கைதான், பொறுமை இருந்தால் திறந்துவிடலாம். எளிய வழி, சாவியில்லாமல் அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு. காலையில் பெட்டியைத் திறந்து பூட்டைக் கொண்டியில் சும்மா தொங்கவிடுங்கள். பார்சலை வைப்பவர் அமுக்கிவிட்டுப் போவார். சாவி உங்களிடம் மட்டும். அவர் எடுக்கும் படத்தில் தெரிவது ஒரு தகரப்பெட்டி, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இதன் குறை, அன்றைக்கே இரண்டாவது பார்சல் வந்தால் பெட்டி பூட்டிக் கிடக்கும். மாவட்டத் தலைநகரின் திண்டுக்கல் பூட்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது, கைவேலைக்குப் பேர்போனது. ஆனால் சாவியைத் திருப்பித்தான் பூட்ட வேண்டும் என்ற வகை இந்த வேலைக்கு ஆகாது. கடையில் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். உடல் பித்தளையாக இருக்கட்டும், இரும்பு மலை ஈரத்தில் இறுகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சாவித்துளையில் கிராஃபைட் பொடி. எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து பிசினாகும்.

பெட்டியோடு முட்டிக்கொள்வது ஓடிபி. மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் காலையிலேயே போனில் ஓடிபியைச் சொல்லிவிடுகிறார்கள். பார்சல் வராமலே 'ஒப்படைக்கப்பட்டது' என்று பதிவாக அதுவே வழி. பெட்டிக்குள் பார்சல் இருக்கும் படம் உங்கள் கைபேசிக்கு வந்த பிறகு எண்ணைச் சொல்லுங்கள். திறந்து காட்டி ஒப்படைக்கும் விலை கூடிய பொருளுக்குப் பெட்டியே வேண்டாம், நேரில் வாங்குங்கள்.

கடை

முக்குக் கடையில் வாங்கி வைக்கச் சொல்வது பழைய வழக்கம். வீட்டுக்குள் யாரும் வருவதில்லை என்பது உண்மை. ஆனால் லேபிளில் உங்கள் பெயரும் முகவரியும், பல வேளைகளில் போன் எண்ணும், அனுப்பியவர் பெயரும் இருக்கும். என்ன மருந்து வருகிறது என்று டீ குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் தெரியும். வயதுப் பெண்கள் உள்ள வீடுகள் இதைத் தவிர்ப்பது நல்லது. கடைக்காரர் பொறுப்பானவர் என்றால் வெயிட்டான, விலை குறைந்த பொருளுக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த வழியில் வந்தாலும் லேபிளை உரித்துவிட்டுத்தான் அட்டையைப் பழையபேப்பர்காரரிடம் போடுங்கள். உரித்த லேபிள் தெர்மல் காகிதம் என்றால் சூடான இஸ்திரிப் பெட்டியை மேலே காட்டினால் முழுக்கக் கறுத்துவிடும்.

ஸ்மார்ட் பூட்டு

ஒருமுறை மட்டும் செல்லும் எண்ணை அனுப்பி, பையன் திறந்து வைத்துவிட்டுப் போவது. 2017 நவம்பரில் அமெரிக்காவில் அமேசான் இதையே 'அமேசான் கீ' என்ற சேவையாகத் தொடங்கியது: ஒரு ஸ்மார்ட் பூட்டு, வாசலைப் பார்க்கும் ஒரு கேமரா. அதே மாதம் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கேமராவின் வைஃபை தொடர்பைத் துண்டித்துக் காட்டினார்கள். பார்ப்பவர் திரையில் கடைசிக் காட்சியே உறைந்து நின்றது, மூடிய கதவு மூடியபடியே தெரிந்தது. அமேசான் மென்பொருளைத் திருத்துவதாக அறிவித்தது. நம் ஊரில் தொடர்பைத் துண்டிக்க ஆய்வாளர் வேண்டாம், ஒரு மரக்கிளை விழுந்தால் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் மலையில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதைவிட அன்றாடத் தொல்லை மரக்கதவு. ஐப்பசி, கார்த்திகையில் பலகை ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் சில மி.மீ. உப்பும். கையால் சாத்தும்போது நாம் தோள் கொடுத்து இடிப்போம். பூட்டின் சின்ன மோட்டார் இடிக்காது. பூட்டின் நாக்கு, அது நுழைய நிலையில் அடித்திருக்கும் துளைத்தகடான நிலைத்தகட்டில் முட்டி நின்றுவிடும், முட்டி முட்டி பேட்டரியும் தீரும். கதவு சாத்தியிருக்கிறதா என்று உணரும் சென்சார் இல்லாத மலிவுப் பூட்டுகள் இன்னும் மோசம்: பாதி திறந்த கதவில் நாக்கை வெறும் காற்றில் நீட்டிவிட்டு 'பூட்டப்பட்டது' என்று கைபேசிக்குச் செய்தி அனுப்பும். போட்டே ஆக வேண்டுமென்றால், கோடையில் கதவைக் கழற்றி, தச்சர்கள் வழக்கமாக விட்டுவிடும் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இரண்டு கோட் பெயின்ட் அடியுங்கள். நிலைத்தகட்டின் துளையை 2 மி.மீ. பெரிதாக்குங்கள். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனை உள்ள பூட்டையே வாங்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும், வந்தவர் ஹாலுக்குள்தான் நிற்கிறார். பூட்டாத கதவுக்கு இருந்த அதே குறை, பத்தாயிரம் ரூபாய் கூடுதலாக.

காஸ் சிலிண்டர்

மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. காலி உருளையின் எடை 15 கிலோவை ஒட்டி, உள்ளே 14.2 கிலோ காஸ். ஏறத்தாழ 30 கிலோவைத் தோளில் வைத்துப் படியிறங்கி வருபவரை வாசலோடு நிறுத்த வயதானவர்களால் முடியாது. அப்படியானால் அவர் உள்ளே வரும் தூரத்தைக் குறைக்கலாம். எடை பார்ப்பது, சீல் பார்ப்பது, வால்வில் கசிவு பார்ப்பது மூன்றையும் வராந்தாவிலேயே முடித்துவிடுங்கள். காலி உருளையின் எடை அதிலேயே பொறித்திருக்கும், அதோடு 14.2-ஐக் கூட்டிப் பாருங்கள். மறுசோதனைத் தேதியையும் அங்கேயே பாருங்கள்: B-27 என்றிருந்தால் 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரை. பிறகு படுக்கையறைக் கதவுகளைச் சாத்திவிட்டு நீங்கள் முன்னே நடந்து அடுப்படிக்கு அழைத்துப் போங்கள்.

நிரந்தர வழி, சிலிண்டரை வெளிச்சுவர் ஓரம் கூண்டில் வைப்பது. ரப்பர் குழாயைச் சுவர்த்துளை வழியே கொண்டுபோகக் கூடாது, ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமும் ஆகாது. ஏஜென்சி மூலம் செம்புக்குழாய் போடச் சொல்லுங்கள். காஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் கூண்டின் அடிப்பகுதி திறந்தே இருக்க வேண்டும், பக்கத்தில் சாக்கடையோ தாழ்ந்த குழியோ கூடாது. உருளை கூண்டுக்குள் வந்து, எடையும் கசிவும் பார்த்த பிறகு உங்கள் கைபேசிக்கு வந்த நான்கு இலக்க டெலிவரி எண்ணைச் சொல்லுங்கள். கூண்டின் சாவி ஒன்று மட்டும் கதவருகில் தனியாகத் தொங்கட்டும், வீட்டுச் சாவிக்கொத்தோடு சேர்க்க வேண்டாம்.