பிரின்ஸ்டன், கேம்பிரிட்ஜ், சூரிச்: வடிகட்டல் எங்கே நடக்கிறது?

கணிதமோ இயற்பியலோ படிக்க நினைக்கும் ஒரு மாணவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிச் என்று மூன்று பல்கலைக்கழகங்களின் பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரவரிசைப் பட்டியல்களில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவைதான். ஆனால் பட்டியலை மூடி வைத்துவிட்டு, அங்கே நடக்கும் ஆராய்ச்சி இளநிலை மாணவருக்கு எட்டுமா, யாரை எப்படிச் சேர்க்கிறார்கள், மொத்தத்தில் எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பார்த்தால், இவற்றை ஒரே வகை நிறுவனங்கள் என்றே சொல்ல முடியாது. பிரின்ஸ்டன் வாசலிலேயே கடுமையாக வடிகட்டிவிட்டுப் பணக் கவலையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. கேம்பிரிட்ஜ் பாடத்தில் சோதித்து எடுத்துக்கொண்டு பில்லைக் குடும்பத்திடம் நீட்டுகிறது. சூரிச் குறைந்த கட்டணத்தில் உள்ளே விட்டு, உண்மையான வடிகட்டலை முதல் ஆண்டுத் தேர்வுக்கு ஒத்திவைக்கிறது.

முதலில் ஆராய்ச்சி. இங்கே எல்லோரும் தூக்கிப் பிடிப்பது நோபல் எண்ணிக்கை. கேம்பிரிட்ஜ் 120க்கு மேல் என்கிறது, ஈ.டி.எச். இருபதைத் தாண்டிச் சொல்கிறது. இந்த எண்கள் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு ஐன்ஸ்டைன் ஒருவர் போதும். அவர் ஈ.டி.எச்.சில் படித்து 1900இல் தேறியவர், 1912 முதல் 1914 வரை அங்கேயே பேராசிரியர். ஆகவே அவர்கள் கணக்கில் நியாயமாகவே வருகிறார். 1933இல் அவர் அமெரிக்காவில் போய்ச் சேர்ந்த இடம் 'இன்ஸ்டிடியூட் ஃபார் அட்வான்ஸ்ட் ஸ்டடி'. அது பிரின்ஸ்டன் ஊரில் இருக்கிறது, பல்கலைக்கழகத்தோடு நெருக்கமும் உண்டு, ஆனால் தனி நிறுவனம். அங்கே இளநிலை மாணவர்களே கிடையாது. ஐன்ஸ்டைனை நினைத்துக்கொண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் பக்கத்து வளாகத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேம்பிரிட்ஜிலும் இதே கதைதான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டது கேம்பிரிட்ஜில் செய்த ரைபோசோம் (செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் அமைப்பு) ஆய்வுக்கு. ஆனால் அவர் வேலை பார்த்த மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடையது, பல்கலைக்கழகத்தின் ஒரு துறை அல்ல. ஊரின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் ஒன்றாக இருந்தால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்.

அப்புறம், பேராசிரியர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அல்ல. கணிதப் பேராசிரியர் ராகுல் பந்தரிபாண்டே 2011இல் பிரின்ஸ்டனை விட்டு ஈ.டி.எச்.சுக்குப் போனார். கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய வெண்டலின் வெர்னர் 2023இல் ஈ.டி.எச்.சை விட்டுக் கேம்பிரிட்ஜுக்கு வந்தார். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்த ஆண்ட்ரூ வைல்ஸ் அப்போது பிரின்ஸ்டன் பேராசிரியர். 1993இல் அதை அறிவித்ததோ கேம்பிரிட்ஜில். ஒரு பெயரை நம்பி ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் போய்ச் சேரும்போது அவர் அங்கே இல்லாமல் போகலாம்.

தரவரிசைகள் இதைச் சரிசெய்வதில்லை. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் ஷாங்காய் பட்டியலில் முன்னாள் மாணவர்களின் நோபல், ஃபீல்ட்ஸ் விருதுகளுக்கு 10 சதவீதம், பணியாளர்களின் விருதுகளுக்கு 20 சதவீதம். மீதியில் பெரும்பகுதி கட்டுரைகளும் மேற்கோள்களும். பாடம் நடத்துவதற்கென்று அதில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலைவிடத் துறையின் இணையப் பக்கத்தில் ஒரு மணி நேரம் செலவிடுவது மேல். இந்த ஆண்டு முதலாண்டுப் பாடங்களை எடுப்பது யார், பட்டியலில் உள்ள பேராசிரியர்களில் எத்தனை பேர் ஓய்வு பெற்றவர்கள், உங்களுக்குப் பிடித்த பிரிவில் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கட்டுரை எழுதியவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அங்கேயே கிடைக்கும்.

சரி, அந்த ஆராய்ச்சி மாணவரின் கைக்கு எட்டுமா? இதில் பிரின்ஸ்டன் தெளிவாக முந்துகிறது. மருத்துவக் கல்லூரி, சட்டக் கல்லூரி, வணிகப் பள்ளி எதுவும் அங்கே இல்லை. ஐந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம். கணிதம், இயற்பியல் மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் சிறிய ஆய்வுக் கட்டுரையும், நான்காம் ஆண்டில் பட்ட ஆய்வேடும் எழுதியே ஆக வேண்டும். ஆய்வேட்டுக்கு வழிகாட்டி உண்டு, எனவே ஏதோ ஒரு பேராசிரியரின் அறைக் கதவை நீங்கள் தட்டித்தான் ஆக வேண்டும். கூச்ச சுபாவக்காரர்களுக்கு இந்தக் கட்டாயம் பெரிய உதவி.

கேம்பிரிட்ஜின் பலம் வேறு. விரிவுரை பெரிய அரங்கில் நடக்கும், அதன்பின் ஒருவர் அல்லது இருவராகப் போய் 'சூப்பர்விஷன்' வகுப்பில் உட்கார வேண்டும். செய்து கொண்டுபோன கணக்குகளை ஒருவர் வரிவரியாகப் பார்த்து, "இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்பார். அவர் பிரபலப் பேராசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. முனைவர் பட்ட மாணவராகவும் இருப்பார். இவ்வளவு நெருக்கமான பயிற்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் கணிதத்தில் மூன்று ஆண்டிலும் ஆய்வேடு கட்டாயமில்லை. பெரும்பாலும் எல்லாம் ஆண்டிறுதித் தேர்வுதான். சூரிச்சில் முதல் ஆண்டு விரிவுரையைப் பெரிய பேராசிரியர்களே எடுப்பதுண்டு, ஆனால் அரங்கில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். பயிற்சி வகுப்பை மூத்த மாணவர்கள் நடத்துவார்கள். அங்கே ஆராய்ச்சி உங்களைத் தேடி வராது. முதுநிலைக்குப் போகும்போதுதான் கதவு நன்றாகத் திறக்கும்.

சேர்க்கைக்கு வருவோம். விண்ணப்பித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு இடம் என்ற எண்ணை வைத்து இந்த மூன்றையும் ஒப்பிடுவது வீண் வேலை. பிரின்ஸ்டனில் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகத்தான் இடம். ஆனால் அமெரிக்காவில் ஒரே மாணவர் பொது விண்ணப்பத்தின் வழியாக 20 இடங்களுக்குப் போடலாம். பிரிட்டனில் மொத்தமே ஐந்து தேர்வுகள், அதிலும் ஒரே ஆண்டில் கேம்பிரிட்ஜுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் சேர்த்துப் போட முடியாது. கேம்பிரிட்ஜில் ஓர் இடத்துக்குச் சுமார் ஆறு பேர் என்றால், அந்த ஆறு பேரும் ஏற்கெனவே தங்களைத் தாங்களே வடிகட்டிக்கொண்டு வந்தவர்கள்.

பிரின்ஸ்டன் பார்ப்பது முழு ஆளை. பள்ளி மதிப்பெண், கட்டுரைகள், ஆசிரியர் பரிந்துரை, பள்ளியில் திருத்தப்பட்ட ஓர் எழுத்துப் பயிற்சி, பாடத்துக்கு வெளியே செய்தவை என எல்லாம் மேசைக்கு வரும். விளையாட்டு வீரர்களுக்கும், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கும் தனிக் கவனம் உண்டு. கணிதத்தில் புலி என்பதால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. ஏன் கிடைக்கவில்லை என்பதும் தெரியவராது. அந்த வகையில் இது மூன்றிலும் ஒளிவு மறைவு அதிகமான வழி என்றே சொல்வேன்.

இதற்கு நேர் எதிர் கேம்பிரிட்ஜின் கணிதச் சேர்க்கை. பள்ளி மதிப்பெண், நேர்காணல், அதன்பின் 'ஸ்டெப்' என்ற தனிக் கணிதத் தேர்வு. ஆண்டுக்குச் சுமார் 250 இடம். அதைவிடக் கணிசமாக அதிகம் பேருக்கு 'ஸ்டெப் 2, 3 இரண்டிலும் இந்தத் தரம் வாங்கினால் இடம்' என்று நிபந்தனையோடு எழுதித் தருவார்கள். வினாத்தாளைப் பார்த்தாலே எதைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்துவிடும். 3 மணி நேரம், 12 கேள்விகள், அவற்றில் நன்றாகச் செய்த 6 மட்டுமே கணக்கில் சேரும். அதாவது ஒரு கேள்விக்கு அரை மணி. பாதிப் பாதியாகப் பத்துக் கேள்வி எழுதுவதைவிட நாலைந்தை முழுதாக முடிப்பவருக்கே அதில் பலன். பழைய வினாத்தாள்கள் இலவசம், பல்கலைக்கழகமே நடத்தும் இணையப் பயிற்சியும் இலவசம். விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து தன் நிலையைத் தானே அறிந்துகொள்ளலாம். ஆனால் நிபந்தனை இடம் வாங்கிய பலர் ஆகஸ்டில் முடிவு வந்ததும் அதை இழக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஈ.டி.எச்.சின் முறை வேறு மாதிரி. சுவிஸ் பள்ளி இறுதிச் சான்றிதழ் இருந்தால் பெரும்பாலான துறைகளில் நேரே சேரலாம். வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால் அதன் மதிப்பைப் பொறுத்துத் தேர்வில்லாமலோ, நுழைவுத் தேர்வு எழுதியோ போக வேண்டும். (1895இல் 16 வயது ஐன்ஸ்டைன் எழுதித் தேறாமல் போனது இந்த நுழைவுத் தேர்வின் முன்னோரில் ஒன்றைத்தான்.) இளநிலைப் படிப்பு ஜெர்மன் மொழியில் என்பதால் சி1 எனப்படும் உயர்நிலை மொழித்திறனுக்கான சான்றிதழ் வேண்டும். அந்த ஒரு நிபந்தனையே பலருக்கு நுழைவுத் தேர்வைவிடப் பெரிய தடை.

உள்ளே போன பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. 'பாஸிஸ்ப்ரூஃபுங்' எனப்படும் முதல் ஆண்டுத் தேர்வு அங்கே காத்திருக்கிறது. மதிப்பெண் 1 முதல் 6 வரை; பாடங்களைத் தொகுதியாகச் சேர்த்துச் சராசரி 4 வந்தால் தேர்ச்சி. தவறினால் இன்னொரு முறை எழுதலாம். அதிலும் தவறினால் அந்தப் படிப்பில் தொடர முடியாது. கணிசமானோர் இங்கேதான் கழிகிறார்கள். பிரின்ஸ்டனில் இடம் கிடைக்காதவர் இழப்பது விண்ணப்பக் கட்டணமும் சில மாத உழைப்பும்தான். சூரிச்சில் தவறுபவர் வாழ்க்கையில் ஒன்றிரண்டு ஆண்டுகளை இழக்கிறார், அதுவும் வெளியூரில், வாடகை கொடுத்துக்கொண்டு. ஆனால் இதில் ஒரு நேர்மை இருப்பதையும் மறுக்க முடியாது. சம்பந்தப்பட்ட பாடத்தை ஓர் ஆண்டு சொல்லிக்கொடுத்துவிட்டு, அதில்தான் சோதிக்கிறார்கள்.

இனிப் பணம். வெளியில் சொல்லும் கட்டணத்தை வைத்துப் பார்த்தால் பிரின்ஸ்டன் பயமுறுத்தும். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90 ஆயிரம் டாலரை ஒட்டி, நான்கு ஆண்டு. ஆனால் சேர்க்கையின்போது குடும்ப வருமானத்தைப் பார்ப்பதில்லை, வெளிநாட்டு மாணவருக்கும் இதே விதி. தேவை எவ்வளவு என்று கணக்குப் போட்டு அதை முழுக்க மானியமாகத் தருகிறார்கள். கடனைத் திணிக்காத இந்தக் கொள்கை 2001இல் வந்தது. 2025-26 முதல் ஆண்டு வருமானம் 1,50,000 டாலர் வரை உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு எதுவும் கட்ட வேண்டாம் என்ற அளவுக்கு விரித்திருக்கிறார்கள். மதிப்பெண்ணுக்கோ விளையாட்டுக்கோ தனி உதவித்தொகை கிடையாது. ஆக, வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இந்த மூன்றில் மிக மலிவானது, கட்டணப் பட்டியலில் மிக விலை உயர்ந்ததாகத் தெரியும் பிரின்ஸ்டன்தான். சொத்து நிறைய இருந்து, கையில் ரொக்கம் இல்லாத குடும்பம்தான் இதில் திண்டாடும். பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள செலவுக் கணிப்பானில் எண்களைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கேம்பிரிட்ஜில் உள்நாட்டு மாணவருக்கு 2025-26இல் ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண்டு. அதற்கு அரசுக் கடன் உண்டு, சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு வருமானத்தைப் பொறுத்துக் கட்டினால் போதும். வெளிநாட்டு மாணவருக்கு நிலைமை தலைகீழ். இயற்பியல் அடங்கிய இயற்கை அறிவியலுக்குச் சுமார் 41 ஆயிரம் பவுண்டு, கணிதத்துக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவு. இதோடு கல்லூரிக் கட்டணம் என்று தனியாகச் சுமார் 10 ஆயிரம். விசாவோடு சேர்த்து மருத்துவ மேல்கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. தங்கல், சாப்பாடு வேறு. முழுப் படிப்புக்கும் பணம் இருக்கிறது என்பதற்கு ஆதாரமும் கேட்பார்கள். இளநிலைக்கு முழு உதவித்தொகை அபூர்வம். அமெரிக்காவின் நான்கு ஆண்டுப் படிப்பு இங்கே மூன்றாகக் குறைவதில் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். கணிதத்துக்கும் இயற்கை அறிவியலுக்கும் இடையே ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு வித்தியாசம் இருப்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

சூரிச்சில் கட்டணம் ஒரு பருவத்துக்கு 730 பிராங்க். படிப்பதற்காகவே புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு 2025 இலையுதிர்ப் பருவம் முதல் அது மும்மடங்கு, அதாவது 2,190. மும்மடங்கு என்றதும் பெரிய சத்தம் எழுந்தது. ஆனாலும் ஆறு பருவத்துக்கும் சேர்த்து 13,140 பிராங்க்தான். செலவெல்லாம் ஊரில் இருக்கிறது: வாடகை, கட்டாய மருத்துவக் காப்பீடு, சாப்பாடு. ஆண்டுக்கு 20 ஆயிரம் பிராங்குக்குக் கீழே கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் முதல் ஆறு மாதம் வேலை செய்ய முடியாது, பிறகும் வாரம் 15 மணி நேரம்தான். ஈ.டி.எச்.சின் புகழ்பெற்ற உதவித்தொகைத் திட்டம் முதுநிலைக்கு மட்டுமே.

எனவே என் கணக்கு இது. குடும்ப வருமானம் குறைவு, எழுதவும் பேசவும் வரும், துறையை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் முயற்சியைப் பிரின்ஸ்டன் போன்ற இடங்களில் போடலாம். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. கணிதம்தான் என்று உறுதியாக இருந்து, பணமும் தயார் என்றால் கேம்பிரிட்ஜை மிஞ்ச ஆளில்லை. ஜெர்மன் ஏற்கெனவே தெரிந்தவர்கள் இளநிலைக்கே சூரிச்சைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அதை முதுநிலைக்கு வைத்துக்கொள்வதே உசிதம்: பெரும்பாலான முதுநிலைப் படிப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன.

மூன்றுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்கத் தடையில்லை. பிரின்ஸ்டனுக்கு நவம்பர் 1க்குள் முன்கூட்டியே போடுபவர் வேறு அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு முன்கூட்டிப் போட முடியாது, ஆனால் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டுப்படுத்தாத வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. கேம்பிரிட்ஜின் கெடு அதற்கும் முன்னால், அக்டோபர் 15. பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய ஆசிரியரிடம் செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள்.