இரண்டு விடுதி பார்த்தோம்

பாப்பாவைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கத் திருச்செங்கோடு பக்கம் ஒன்று, ராசிபுரம் பக்கம் ஒன்று என இரண்டு பெண்கள் விடுதிப் பள்ளிகளைப் பார்த்து வந்தோம்.

முதலாவதில் மனநல ஆலோசகர் உண்டு. ஆனால் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். மதிப்பெண் குறைந்து திங்கள் ராத்திரி அழுகிற பிள்ளை, அழுகையை வியாழன் வரை தள்ளிவைக்குமா? இரவுப் படிப்பு பத்தரை வரை, காலை ஐந்துக்கு மணி. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பலகையில் குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் 14416 இரண்டும் எழுதியிருந்தார்கள். போன் பேசத்தான் மாதம் இருமுறை அனுமதி!

இரண்டாவதில் ஆலோசகரே இல்லை. வார்டனம்மா அதே மாடியில் குடியிருக்கிறார். யார் சாப்பிடாமல் எழுந்தாள் என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறார். கணக்கில் பின்தங்கியவர்களுக்கு ஐந்தைந்து பேராகத் தனி வகுப்பு. ஞாயிறு அரிசிம்பருப்பு சாதம், அதற்கே பாப்பா பாதி சம்மதித்துவிட்டாள். அப்புறம், பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டிய மனச்சோர்வை வார்டனம்மாவின் பாசம் மட்டும் தீர்க்காது. அதைக் கேட்டேன், 14416க்கு எந்த நேரமும் பேச அலுவலக போனைத் தருவதாகச் சொன்னார்கள். சரி என்று அங்கேயே பணம் கட்டினோம்.