தீப்பெட்டிக்குள்ள மைக்ரோஃபிலிம்: பழைய ஹோம்ஸ் ப்ளூரே செட்

பேசில் ராத்போன் துப்பறியும் நிபுணர் ஷெர்லாக் ஹோம்ஸா நடிச்ச கருப்பு வெள்ளை படங்களோட ப்ளூரே செட் வாங்கினேன், மொத்தம் 14 படம். நான் முதல்ல போட்டது 1942, 43ல யூனிவர்சல் ஸ்டுடியோ எடுத்த மூணு யுத்தகாலப் படங்களைத்தான். விக்டோரியா காலத்து ஆளைத் தூக்கி அப்படியே ரெண்டாம் உலகப்போர் லண்டன்ல விட்டுட்டாங்க, குதிரை வண்டி இல்ல, ரேடியோவும் நாஜி உளவாளியும்தான். மூணுல 'ஷெர்லாக் ஹோம்ஸ் இன் வாஷிங்டன்' படம்தான் எனக்கு டாப். ரகசிய ஆவணத்தை மைக்ரோஃபிலிமாக்கி, அதாவது குட்டி ஃபிலிம்ல படம் பிடிச்சு, ஒரு அட்டைத் தீப்பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காங்க, பார்ட்டில ஆளாளுக்கு அதை வாங்கி சிகரெட் பத்த வெச்சுட்டு கை மாத்தி விடறாங்க, கடைசில வில்லனே அதுல பைப்பைப் பத்த வெச்சுக்கிட்டு அதைத்தான் தேடறான், யப்பா!

இன்னொண்ணான 'ஷெர்லாக் ஹோம்ஸ் அண்ட் த சீக்ரெட் வெப்பன்'ல குண்டுவீச்சுக்கான குறிபார்க்கும் கருவியை நாலு பாகமா பிரிச்சு நாலு விஞ்ஞானிங்ககிட்ட குடுத்து வைக்கறது நல்ல ஐடியா, ஆனா ஹோம்ஸோட பரம எதிரி மொரியார்டி அவரை உடனே கொல்லாம சொட்டு சொட்டா ரத்தம் எடுக்கறதெல்லாம் நம்ம பழைய பட வில்லன் வேலை. ஹோம்ஸோட நண்பர் டாக்டர் வாட்சனா வர்ற நைஜல் புரூஸ் சிரிக்க வைக்கறார், ஆனா டாக்டரை இவ்ளோ மக்காக்கி இருக்க வேணாம்.

பிரிண்ட் அமெரிக்காவோட யூசிஎல்ஏ பல்கலைக்கழகத் திரைப்பட ஆவணக்காப்பகம் சீர் பண்ணினது, நிழலெல்லாம் கருகருன்னு நிக்குது. முன்னாடி நான் வாங்கின மலிவு டிவிடில மூஞ்சியே தெரியாது. ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போடலாம். ஹோம்ஸோட முன்பக்கம் வாரின தலைமுடியை மட்டும் மன்னிச்சிடுங்க.